"உடம்புச் சூடு": சிறுநீர்க் கிருமித்தொற்றும் 28 வாரத்தில் ஒரு பிரசவமும் – நிகழ்வு ஆய்வு

இது சிங்கப்பூரில் நடந்தது. நான் பிரசவப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் தாதி. அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆட்கள், மருந்தகம் (இங்கே கிளினிக்கை அப்படித்தான் சொல்வோம்), மருத்துவமனை எதற்கும் பெயர் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தது நடந்தபடி.

பின்னணி

தாய்க்கு 26 வயது, முதல் கர்ப்பம். தஞ்சைப் பக்கத்துக் கிராமம். கணவர் இங்கே பொறியாளர். கணவரின் வேலை அட்டையைச் சார்ந்து வந்து தங்கியவர். ஊரிலிருந்து வந்தபோது கர்ப்பத்துக்கு 17 வாரம். ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேன் அறிக்கையும் கையில் இருந்தன. சிறுநீரில் சர்க்கரை, ஆல்புமின் மட்டும் பார்த்திருந்தார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை ஊரிலும் செய்யப்படவில்லை, இங்கே வந்த பிறகு முதல் சந்திப்பிலும் செய்யப்படவில்லை.

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் அவர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும் அது சிறுநீரகத்துக்கு ஏறலாம். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அவற்றை, அதிலும் வலப்பக்கத்தை, அழுத்துகிறது. நீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி மேலே ஏறுவது எளிது. அதனால்தான் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒரு கல்ச்சர் எடுத்துவிட வேண்டும் என்கிறோம்.

இவர்களுக்கு இங்கே மானியம் கிடையாது. ஒவ்வொரு சந்திப்புக்கும், ஒவ்வொரு சோதனைக்கும் முழுக் கட்டணம். அடுத்து நடந்த பலவற்றின் அடியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று கணவரே பிறகு என்னிடம் சொன்னார்.

24 வாரம் 4 நாள்: முதல் அறிகுறி

அப்போது அவருக்கு ஒண்ணுக்குப் போகும்போது கடுப்பு, அடிக்கடி போகவேண்டிய உணர்வு, இரவில் ஐந்தாறு முறை எழுந்திருப்பது எல்லாம் இருந்தன. ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசியபோது மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். "சூடு பிடிச்சிருக்கும். வெந்தயத்தை ஊறவெச்சு மோர்ல குடி, எளநி வாங்கிக் குடி" என்று அவர் சொன்னார். அது அக்கறையில் வந்த சொல். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்த உபாதைக்கு வைத்த பெயரே அதுதான்: சூடு, சூட்டு வலி, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு.

சிக்கல் மருந்தகத்தில் தொடங்கியது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்கு ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசக் கூச்சம். கணவர்தான் மொழிபெயர்த்தார். மனைவி "சூடா இருக்கு" என்றதை அவர் "உடம்பு சூடு, அசதி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிறுநீர் போகும் இடத்து எரிச்சலைப் பற்றி வாய்விட்டுப் பேச அவருக்கும் கூச்சம். மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வழக்கமாக எடுக்கும் சிறுநீரில் வெள்ளணுக்கள் இருப்பதைச் சோதனைப் பட்டை காட்டியதால் கல்ச்சருக்கும் அனுப்பினார். அந்த ஒரு முடிவு சரியானது. அது இல்லாதிருந்தால் பிறகு எங்களுக்குப் பிடிப்பதற்கு ஒரு நூல்கூட இருந்திருக்காது.

மூன்று நாளில் முடிவு வந்தது: ஈ. கோலை கிருமி, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல். ஆம்பிசிலின் மருந்துக்கு அடங்காது, செஃப்ட்ரியாக்சோன், ஜென்டமைசின் இரண்டுக்கும் அடங்கும். மருந்தகத்திலிருந்து கணவரின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு மோசடியாக இருக்கும் என்று இங்கே பெரும்பாலோர் எடுப்பதில்லை. எடுக்காதீர்கள் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குறுஞ்செய்தி அனுப்பப்படவில்லை. தாயின் சொந்த எண் பதிவிலேயே இல்லை. அடுத்த சந்திப்பு 28 வாரம் 4 நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. குழந்தை அதற்கு இரண்டு நாள் முன்பே பிறந்துவிட்டது.

27 வாரம் 2 நாள் முதல் 4 நாள் வரை: வீட்டில்

கடுப்பு சில நாள் குறைந்தது, பிறகு வந்தது. 27 வாரம் 2 நாளில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். முதுகின் வலப்புறம், விலாவுக்குக் கீழே வலி. கர்ப்பத்தில் இடுப்பு வலி சகஜம் என்று நினைத்தார்கள். பனடோல், அதாவது பாராசிட்டமால், போட்டதும் காய்ச்சல் இறங்கியது, ஆறு மணி நேரத்தில் திரும்ப ஏறியது, மறுபடி பனடோல். இரண்டு நாள் இப்படிப் போனது. காய்ச்சல் இறங்குவதைப் பார்த்துக் "குறைஞ்சிட்டு வருது" என்று கணவர் நம்பினார். இரவில் அவசரப் பிரிவுக்குப் போனால் என்ன செலவாகும் என்று இணையத்தில் தேடியதாகவும் சொன்னார்.

27 வாரம் 4 நாள் அன்று மாலை உள்ளாடை நனைந்தது. சிறுநீர் கட்டுப்படாமல் போகிறது என்று தாய் நினைத்தார். மூன்று முறை துணி மாற்றினார். அதே புளோக்கில் இரண்டு தளம் கீழே குடியிருக்கும் ஒரு தமிழ் ஆன்ட்டி, வளைகாப்புக்கு வளையல் கொண்டுவந்து கொடுக்க அன்று இரவு மேலே வந்தார். 29ஆம் வாரத்தில் சின்னதாக வீட்டிலேயே வளைகாப்பு வைப்பதாக இருந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி சொட்டுதாம்மா, இல்ல ஊத்துதா? ஒண்ணுக்கு வாடை அடிக்குதா?" வாடை இல்லை என்றார் பெண். "அப்ப அது ஒண்ணுக்கு இல்ல" என்று சொல்லி டாக்சி பிடித்துக் கூட்டி வந்தவர் அவர்தான்.

இரண்டு மாத காலத்தில் அந்தப் பெண்ணிடம் அவருடைய மொழியில், அவருக்குப் புரிகிற சொல்லில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

இரவு 11.40: கண்டவை

காய்ச்சல் 38.6 டிகிரி, பனடோல் போட்டு நான்கு மணி நேரம் கழித்தும். நாடித்துடிப்பு 118. வலப்பக்க விலாவுக்குக் கீழே தட்டினால் துடித்தார். வயிற்றைத் தொட்டால் கருப்பையில் வலி இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 172. 160க்கு மேல் போனால் அதிகம். உள்ளே பார்த்த மருத்துவர் பனிக்குட நீர் தேங்கியிருப்பதைக் கண்டார். நிறம் தெளிவு, நாற்றம் இல்லை. கருப்பை வாய் மூடியிருந்தது. விரலால் சோதிக்கவில்லை, அது கிருமியை மேலே தள்ளும். ஸ்கேனில் நீர் குறைவு, தலை கீழே, எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் கூடி 96.

நான் அவரிடம் தனியாகப் பேசினேன். கணவரைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டேன். வழக்கமாக அப்படிச் செய்வேன்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"ஒரு மாசமாவே சூடுதான் சிஸ்டர்."

"சூடுன்னா? ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா, கடுக்குதா?"

"கடுக்கும் சிஸ்டர். சொட்டு சொட்டாத்தான் வரும். அதத்தான் சூடுன்னு சொன்னேன்."

காலை எட்டரைக்கு மருந்தகம் திறந்ததும் நானே அழைத்தேன். கல்ச்சர் முடிவு அங்கே 19 நாளாக இருந்தது. அரைமணி நேரத்தில் அனுப்பிவைத்தார்கள். மருந்தகத்தில் பேசிய பெண் குரல் உடைந்துபோய் மன்னிப்புக் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை அழைத்திருக்கிறார், அழைத்த நேரத்தைக் குறித்தும் வைத்திருக்கிறார். மூன்றாவது வழி ஒன்றை யாரும் அவருக்கு வகுத்துத் தரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மருத்துவர்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: காய்ச்சல் சிறுநீரகத்திலிருந்து வருகிறதா, கருப்பைக்குள்ளிருந்து வருகிறதா? உள்ளே தொற்று என்றால் வாரம் எதுவானாலும் குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருவருக்கும் ஆபத்து. சிறுநீரகத்தில் மட்டும் என்றால் மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். 27 வாரக் குழந்தைக்கு உள்ளே கிடைக்கும் ஒவ்வொரு நாளும் பெரிது.

கருப்பையில் வலி இல்லை, நீரில் நாற்றம் இல்லை, சிறுநீரகப் பகுதியில் தெளிவான வலி. ஆகவே காத்திருப்பது என்று முடிவானது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

செஃப்ட்ரியாக்சோன் நரம்பு வழியே தொடங்கியது. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்ததால் எரித்ரோமைசினும் சேர்ந்தது. அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து ஏன் இல்லை என்று இளம் தாதி ஒருவர் கேட்டார். 2001ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பனிக்குடம் உடைந்த தாய்மாருக்கு எரித்ரோமைசின் உதவியது. அந்த இன்னொரு மருந்து கொடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் நோய் கூடுதலாக வந்தது. அதிலிருந்து இந்த நிலையில் அதைத் தவிர்க்கிறோம்.

குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 12 மணிக்கொரு முறை நான்கு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972ல் இவ்வகை ஸ்டீராய்டு ஊசியின் பயனை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இதைப் போல உயிர் காத்த ஊசி வேறில்லை என்பேன். இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு வெள்ளணு எண்ணிக்கையைத் தானாகவே ஏற்றிவிடும். ஊசி போட்ட பிறகு அந்த எண்ணை வைத்துத் தொற்று கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியாது. காய்ச்சல், தாயின் நாடி, குழந்தையின் துடிப்பு, நீரின் நாற்றம், கருப்பையின் வலி, இவைதான் வழிகாட்டி.

கருப்பைச் சுருக்கத்தை நிறுத்தும் மருந்து கொடுக்கவில்லை. சுருக்கமும் இல்லை; தவிர, உள்ளே தொற்று இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோது பிரசவத்தைத் தடுத்து நிறுத்துவது சரியல்ல.

ஜிபிஎஸ் எனப்படும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கும் மாதிரி எடுத்தோம். கணவர் கைப்பேசியில் தேடிவிட்டு வந்து பதறினார்: "நாங்க பச்சை மீனே சாப்பிட்டதில்லையே சிஸ்டர்?" 2015ல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு இதே கிருமியின் ஒரு வகை பரவியது, அந்த ஆண்டுக் கடைசியில் அப்படி விற்பது தடை செய்யப்பட்டது. அவர் படித்தது அதைத்தான். கர்ப்பத்தில் நாங்கள் பார்ப்பது பல பெண்களின் உடலில் தொந்தரவின்றிக் குடியிருக்கும் கிருமி, உணவால் வருவதல்ல என்று விளக்கினேன். அந்தக் கிருமி இல்லை என்றே பிறகு முடிவு வந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியில், மனைவிக்கு இப்படி ஆனது தன் தவறா என்று அவர் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஐந்து நாள்

36 மணி நேரத்தில் காய்ச்சல் நின்றது. குழந்தையின் துடிப்பு 145க்கு இறங்கியது. நான்கு ஊசியும் முடிந்தன. மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். ஆன்ட்டி வளையல் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் இரவுப் பணி என்னுடையது. இங்கே நான் செய்த பிழையை எழுத வேண்டும்.

பத்து மணிக்கு அவர் சொன்னார்: "வயிறு கல்லாட்டம் இருக்கு சிஸ்டர்." காய்ச்சல் 37.4. இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் என்று நினைத்தேன்; அப்படியே குறித்தேன். நாடி 108 இருந்தது. அதையும் குறித்தேன், ஆனால் வெப்பமானி சொன்னதுதான் என் மனதில் நின்றது. விலா வலிக்காக அவருக்கு ஆறு மணிக்கொரு முறை பாராசிட்டமால் போய்க்கொண்டிருந்தது. அந்த 37.4 மருந்து அடக்கிவைத்த எண். வீட்டில் பனடோல் எதை மறைத்ததோ அதையே வார்டில் என் கண்ணெதிரே மறைத்தது. மாலையில் எடுத்த இதயத்துடிப்புப் பதிவில் குழந்தையின் துடிப்பு 145லிருந்து 160ஐ ஒட்டி நகர்ந்திருந்தது; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து மணிக்கே மருத்துவரை அழைத்திருப்பேன்.

அதிகாலை 2.30க்கு நடுக்கம். காய்ச்சல் 38.4. நீரில் நாற்றம். அடிவயிற்றைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டார். குழந்தையின் துடிப்பு 185. கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்திருந்தது. இப்போது கேள்வி இல்லை: தொற்று பனிக்குட உறைக்குள் போய்விட்டது.

உள்ளே நடப்பது இதுதான். கிருமியும் அதன் கழிவுகளும் உறையைத் தொட்டதும் உடல் தற்காப்பாக அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருங்கவைக்கிறது. உடன் வரும் நொதிகள் உறையின் கொலாஜனை அரித்துப் பலவீனமாக்குகின்றன. பனிக்குடம் காலத்துக்கு முன்பே உடைவதும் வலி எடுப்பதும் ஒரே வேரில் முளைப்பவை.

28 வாரம் 2 நாள்: பிரசவம்

பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மருந்துகளுக்கு மாற்றினார்கள். குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம், தொடர்ந்து மணிக்கு 1 கிராம். தலை கீழே இருந்தது, பிரசவம் தானாகவே முன்னேறியது. தொற்று மட்டுமே இருப்பதற்காக வயிற்றைக் கிழிப்பதில்லை, கிழித்தால் தொற்று இன்னும் பரவ இடமாகும்.

காலை 7.12. பெண் குழந்தை. 1,080 கிராம். ஒரு நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியை இடுக்கினோம். உடல் வெப்பம் போகாதிருக்கக் கழுத்துவரை பிளாஸ்டிக் பையில் சுற்றினோம். மெலிதாகத்தான் அழுதது, ஆனால் அழுதது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும் வழியில் அரை நிமிடம் தாயின் கன்னத்தருகே காட்டினார்கள். "மூக்கு அத்தை மூக்கு" என்றார் அவர்.

நஞ்சுக்கொடியைப் பரிசோதித்ததில் உறையிலும் கொடியிலும் அழற்சி. வளர்ந்த கிருமி அதே ஈ. கோலை.

61 நாள்

மூச்சுக்குக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி, மூன்றாம் மணி நேரத்தில் நுரையீரலை விரியவைக்கும் சர்ஃபாக்டன்ட், மூச்சு நின்றுபோகாதிருக்க கஃபீன். தாயின் பழைய கல்ச்சர் முடிவு கையில் இருந்ததால், எந்தக் கிருமியை எதிர்பார்க்கிறோம், எந்த மருந்துக்கு அடங்காது என்பது குழந்தை மருத்துவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருந்தது. குழந்தையின் ரத்தத்தில் கிருமி வளரவில்லை. சிஆர்பி ஏறியதால் ஏழு நாள் மருந்து தொடர்ந்தது. நான்காம் நாள் தலை ஸ்கேனில் மிகச் சிறிய ரத்தக்கசிவு, முதல் நிலை. பிறகு மறைந்துவிட்டது.

பால் பற்றி ஒரு தகராறு நடந்தது. முதல் நாட்களில் தாய்க்குப் பால் போதவில்லை. தானமாகப் பெறப்பட்டுப் பதப்படுத்திய தாய்ப்பால் தரலாம் என்றதும் ஊரிலிருந்து மாமியார், "யார் பாலோ எம் பேத்திக்கு எதுக்கு?" என்று மறுத்தார். சிங்கப்பூரில் 2017ல் தாய்ப்பால் வங்கி தொடங்கிய பிறகுதான் இந்த வசதி இங்கே வந்தது. தானம் தருபவர்களைப் பரிசோதிப்பார்கள், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவார்கள். குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் பவுடர் பாலைவிட அது பாதுகாப்பு என்று வீடியோ அழைப்பில் நான் விளக்கினேன். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் அவரே, "எங்க ஊர்லயும் அக்கா தங்கச்சி பிள்ளைக்கு மாத்திக் குடுக்குறதுதானே" என்று தளர்ந்தார். ஆன்ட்டி பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் சமைத்துக் கொண்டுவந்தார். பத்தாம் நாளில் தாயின் பாலே போதுமானதாயிற்று.

இரண்டாம் வாரத்திலிருந்து குழந்தையை மார்போடு மார்பாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறை. கையில் வளையல், கயிறு எதுவும் கூடாது என்பதால் வளைகாப்பு வளையல் பெட்டியிலேயே இருந்தது. கணவர் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் சட்டையைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்வார். கட்டணம் பெரிதாக ஏறியது. மருத்துவ சமூக ஊழியர் தவணை ஏற்பாடு செய்து கொடுத்தார். தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கர்ப்பக் கணக்கில் 37 வாரம் நிறைந்த அன்று குழந்தை 2,150 கிராமில் வீடு போனது. கண் விழித்திரை, செவிச் சோதனைகள் சரியாக இருந்தன. தாய்க்கு ஆறு வாரத்தில் சிறுநீரில் கிருமி இல்லை, சிறுநீரக ஸ்கேனும் இயல்பு.

மாற்றியவையும் மாறாதவையும்

இந்த நிகழ்வைப் பிரிவுக் கூட்டத்தில் வைத்தேன், என் பத்து மணிக் குறிப்பையும் சேர்த்து. தொற்று ஐயம் உள்ள தாய்க்குப் பாராசிட்டமால் போகும்போது வெப்பத்தை மட்டும் பார்த்து "பரவாயில்லை" என்று குறிக்கக் கூடாது. தாயின் நாடி, குழந்தையின் துடிப்பு இரண்டையும் முந்திய பதிவோடு ஒப்பிட்டு ஒரே வரியில் எழுத வேண்டும் என்று வகுத்தோம். நாடி 100ஐத் தாண்டினால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

கேள்விகளுக்கு ஓர் அட்டை எழுதினேன். தமிழ்ச் சொல், பக்கத்தில் அதன் பொருள் ஆங்கிலத்தில், தமிழ் தெரியாத தாதிகள் காட்டிக் கேட்கும்படி. சூடு, கடுப்பு, எரிச்சல், நீர்ச்சுருக்கு, தண்ணி சொட்டுது, வெள்ளைப்படுது, வாடை, வயிறு கல்லாட்டம். "சூடு" என்று சொன்னால் அடுத்த கேள்வி கட்டாயம்: எங்கே சூடு? ஒண்ணுக்குப் போகும்போதா? கணவர் மொழிபெயர்க்கும்போது ஒரு முறையாவது பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதும் அட்டையின் கீழே இருக்கிறது.

அந்த மருந்தகம் இப்போது தாயின் சொந்த எண்ணையும் வாங்குகிறது. அழைப்பை எடுக்காவிட்டால் மருந்தகத்தின் பெயரோடு குறுஞ்செய்தி அனுப்புகிறது. மூன்று நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த சந்திப்பை முன்னுக்கு இழுக்கிறது. நான் கேட்காமலே அவர்கள் எழுதித் தெரிவித்தார்கள்.

மாறாதது ஒன்று. இரவுப் பணியில் தமிழ் பேசும் தாதி இருப்பது இன்னும் பட்டியலின் தற்செயலாகத்தான் இருக்கிறது. தொலைபேசி மொழிபெயர்ப்பு உண்டு, ஆனால் வலியில் கிடக்கும் பெண் முகம் தெரியாத ஆணிடம் "கடுக்குது" என்று சொல்வதில்லை. பெண் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் பிரசவப் பிரிவுக்கு ஒதுக்கக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, அடுத்த மாதம் மறுபடி எழுதப்போகிறேன்.